ஜீன் ரிப்போர்ட் வந்தாச்சு... அதை யார் படிச்சுச் சொல்றது?

நாலு வயசுப் பையன். தரையில் உட்கார்ந்து கார் பொம்மை உருட்டிக்கொண்டிருக்கிறான். "வா, சாப்பிடலாம்" என்று அம்மா கூப்பிட்டதும் எழுந்திருக்கப் பார்க்கிறான். மற்ற பிள்ளைகள் மாதிரி ஒரே துள்ளலில் எழவில்லை. முதலில் குப்புறத் திரும்புகிறான். கைகளைத் தரையில் ஊன்றுகிறான். பிறகு முழங்கால், தொடை என்று ஒவ்வொரு இடமாகக் கை வைத்து, தன் மேலேயே தான் ஏறுவதுபோல மெல்ல நிமிர்கிறான். "சரியான சோம்பேறிப் பய" என்று தாத்தா சிரிக்கிறார். அங்கன்வாடி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்கிறார்.

இது நான் உருவாக்கிய குடும்பம்தான். ஆனால் மருத்துவக் கல்லூரிகளின் மரபியல் பிரிவுக்கு வரும் பல குடும்பங்களின் கதை இப்படித்தான் தொடங்குகிறது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க இவர்களையே கூட வைத்துக்கொள்வோம்.

குழந்தைகள் நல மருத்துவர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதித் தருகிறார். சி.கே. என்ற நொதியின் அளவு, இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு அதிகம். "தசைச்சிதைவு நோயா இருக்கலாம், ஜீன் டெஸ்ட் எடுக்கணும்" என்கிறார். தனியார் லேபில் ரத்தம் கொடுக்கிறார்கள். சில வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். வந்து விழுகிறது. எல்லாம் ஆங்கிலம். நடுவில் தடித்த எழுத்தில் 'எக்ஸான் 45 முதல் 50 வரை டெலிஷன்' என்று ஒரு வரி. அப்பா ராத்திரி ஒரு மணி வரைக்கும் போனில் தேடிப் பார்க்கிறார். தேடத் தேடப் பயம்தான் கூடுகிறது. இதற்கிடையில் அம்மா இரண்டு மாதக் கர்ப்பம். அம்மாவின் தங்கைக்கு அடுத்த தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது.

இந்த மூன்று விஷயமும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்று அந்த பி.டி.எஃப். சொல்லாது. சொல்லக்கூடிய ஆட்கள் வேறு. அவர்கள் எங்கே இருக்கிறார்கள், எப்படி உருவாகிறார்கள், அவர்களிடம் எப்படிப் போவது என்பதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

300 கோடி எழுத்து

நம் உடம்பின் செல்களில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. அம்மாவிடமிருந்து 23, அப்பாவிடமிருந்து 23. ஒரு பக்கத்து 23-ல் மட்டும் சுமார் 300 கோடி 'எழுத்துகள்' டி.என்.ஏ.வாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதற்குள் புரதம் செய்யச் சொல்லித்தரும் பகுதிகளை மரபணு, அதாவது ஜீன் என்கிறோம். மொத்தம் 20,000 அளவில் இருக்கும்.

உங்களையும் என்னையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லட்சக்கணக்கான இடங்களில் எழுத்து மாறியிருக்கும். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. மூக்கு நீளம், முடி சுருள் மாதிரி விஷயங்களில் சில கை வைக்கும். மிகச் சில மட்டுமே நோயாக வரும். அந்த மிகச் சிலதைக் கண்டுபிடிப்பதுதான் வேலையே. இயந்திரம் எழுத்துகளைப் படித்துக் கொடுத்துவிடும். அதில் எது இந்தப் பையனின் நோய்க்குக் காரணம் என்று முடிவு செய்ய ஆள் வேண்டும்.

நம் பையனுக்கு வந்திருப்பது டுஷேன் தசைச்சிதைவு. டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்துக்கான ஜீனில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது. மனித ஜீன்களிலேயே மிக நீளமானவற்றில் ஒன்று இது, 79 துண்டுகள். நீளம் என்பதால் பிழை வரவும் வாய்ப்பு அதிகம். இந்த நோய் இருப்பவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பேருக்கு இப்படித் துண்டு காணாமல் போவதுதான் காரணம். அதனால் அனுபவமுள்ள மருத்துவர் முதலில் அதை மட்டும் பார்க்கும் எளிய பரிசோதனையை எழுதுவார். அதில் கிடைக்கவில்லை என்றால்தான் ஜீன் முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படிக்கும் பெரிய பரிசோதனை. எந்த டெஸ்ட்டை எந்த வரிசையில் எடுப்பது என்பதிலேயே ஒரு குடும்பத்தின் பணம் எவ்வளவோ மிச்சமாகும்.

கட்டமும் வட்டமும்

மரபியல் பிரிவுக்குள் முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு ஆச்சரியம் இருக்கும். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால் பேப்பரையும் பேனாவையும் எடுப்பார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். "உங்க கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்? அம்மா வழியில யாராவது சின்ன வயசுல நடக்க முடியாம இருந்தாங்களா? குழந்தை தங்காமப் போனது உண்டா?" என்று கேட்டுக் கேட்டுக் கோடு இழுப்பார். மூன்று தலைமுறை வரை போகும். சொந்தத்தில் கல்யாணம் என்றால் கணவன் மனைவிக்கு நடுவில் இரட்டைக் கோடு.

நம்ம ஊரில் பயிற்சி எடுக்கும் மாணவர்களுக்கு அந்த இரட்டைக் கோடு கைப்பழக்கம் ஆகிவிடும். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணத்துக்கும் மேல் ரத்த சொந்தத்துக்குள் நடந்தது. தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று நமக்குப் பழகிய உறவுகள்தான்.

இங்கே ஒரு தவறான பேச்சைச் சரி செய்துவிட வேண்டும். ஒரு குழந்தைக்கு எந்தப் பரம்பரை நோய் வந்தாலும் "சொந்தத்துல கட்டினதால வந்தது" என்று ஊர் சொல்லிவிடும். பாதி உண்மைதான் அது. தலசீமியா, பிறவிக் காது கேளாமையின் சில வகைகள், உடல் வேதிமாற்றக் கோளாறுகள் பல, இவையெல்லாம் அம்மா அப்பா இரண்டு பேரிடமிருந்தும் ஒரே பழுதான ஜீன் வந்தால்தான் குழந்தைக்கு வரும். ஒரே தாத்தா பாட்டியின் வழி வந்தவர்கள் கல்யாணம் செய்தால் இரண்டு பேரிடமும் அதே பழுது இருக்க வாய்ப்பு கூடுகிறது. பொதுவாக எந்தத் தம்பதிக்கும் குழந்தை பிறவிக் குறைபாட்டோடு பிறக்க 100-க்கு 2 முதல் 3 வரை வாய்ப்பு உண்டு என்றால், அத்தை மாமன் பிள்ளைகளுக்குள் நடந்த கல்யாணத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. தாய்மாமன் என்றால் ரத்த உறவு இன்னும் நெருக்கம், அதனால் இன்னும் கொஞ்சம் கூடும். அப்படியும் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் டுஷேன் தசைச்சிதைவுக்கும் ஹீமோஃபீலியாவுக்கும் சொந்தத்தில் கட்டியதற்கும் சம்பந்தமே இல்லை. இவை எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் ஜீன்களால் வருபவை. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். ஆணுக்கு ஒன்றுதான். அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. அதனால்தான் இந்த நோய் பெரும்பாலும் பையன்களுக்கே வருகிறது.

இதைச் சொன்னவுடன் வீட்டில் அடுத்த பேச்சு என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "அப்போ எல்லாம் இவ வழியில வந்ததுதானா?" மரபணு ஆலோசகர் என்று ஒருவர் தனியாக இருக்க வேண்டிய காரணங்களில் இது முக்கியமானது. தன் உடம்பில் எந்த எழுத்து இருக்கிறது என்று யாரும் தேர்ந்தெடுத்துப் பிறப்பதில்லை. அதோடு, டுஷேன் வந்த பையன்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அம்மாவிடமிருந்து வராமல் புதிதாகவே அந்தப் பிழை உருவாகியிருக்கும். யார் எந்தக் கணக்கில் வருகிறார்கள் என்று அம்மாவின் ரத்தத்தைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

சோதித்த பிறகும் சிக்கல் இருக்கிறது. நம் கதையில் அம்மா கேரியர், அதாவது அந்தப் பழுதைச் சுமப்பவர் என்று வந்தால் கணக்கு நேரடியானது: பிறக்கும் பையனுக்கு நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, பெண் குழந்தை கேரியராக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கேரியர் இல்லை என்று வந்தால்? "அப்பாடா, ஒண்ணும் இல்ல" என்று எழுந்து வந்துவிடத் தோன்றும். ஆனால் ரத்தத்தில் தெரியாமல் கருமுட்டைகளில் சிலவற்றில் மட்டும் அந்தப் பிழை ஒளிந்திருக்கச் சிறு வாய்ப்பு உண்டு. அதனால் அடுத்த கர்ப்பத்திலும் பரிசோதனை செய்துகொள்ளும் வழியை மரபியல் மருத்துவர் எடுத்துச் சொல்வார். கேரியராக இருக்கும் பெண்கள் தங்கள் இதயத்தையும் அவ்வப்போது பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்வார். ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு நாமே முடிவு எடுத்திருந்தால் இதெல்லாம் தவறிப்போயிருக்கும்.

'தெரியவில்லை' என்றும் விடை வரும்

நம் பையனின் ரிப்போர்ட் ஒரு விதத்தில் தெளிவானது. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. ஜீன் மாற்றங்களை லேப்கள் ஐந்து வகையாகப் பிரிக்கின்றன: நோய் தருவது, நோய் தரக்கூடியது, தெளிவில்லாதது, தீங்கில்லாதிருக்கக்கூடியது, தீங்கில்லாதது. நடுவில் இருக்கும் அந்தத் 'தெளிவில்லாதது' குடும்பங்களைப் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. சிலர் அதையே நோய் என்று நினைத்து இடிந்துபோகிறார்கள். அதை வைத்துக்கொண்டு கர்ப்பத்தைப் பற்றி முடிவெடுப்பது இன்னும் ஆபத்து. தெளிவில்லாதது என்றால் இன்றைய தேதிக்கு ஆதாரம் போதவில்லை, அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து அதே மாற்றம் 'தீங்கில்லாதது' என்று ஆகலாம். அதனால்தான் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், ஓரிரு வருடம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள் என்கிறார்கள்.

ஏன் ஆதாரம் போதவில்லை? ஒரு மாற்றம் சகஜமானதா, அபூர்வமானதா என்று பார்க்க ஆரோக்கியமான ஆயிரக்கணக்கானவர்களின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட வேண்டும். உலகத் தரவுத்தளங்களில் நெடுங்காலமாக ஐரோப்பிய வம்சாவளியினர்தான் அதிகம். நம்மிடம் சகஜமாக இருக்கும் ஒரு மாற்றம் அங்கே அபூர்வமாகத் தெரியும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை 'ஜீனோம் இந்தியா' திட்டத்தில் நாடு முழுவதும் பல சமூகங்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்தது. அந்தத் தரவு ஆராய்ச்சியாளர்களுக்கு 2025 ஜனவரியில் திறந்துவிடப்பட்டது.

உள்ளூர் ஆராய்ச்சி ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் மதுரை சம்பந்தப்பட்டது. இதயத் தசைப் புரதம் ஒன்றின் ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றம், இந்தியத் துணைக்கண்டத்தில் 100-ல் சுமார் 4 பேரிடம் இருப்பதாகவும், பிற்காலத்தில் இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பை அது கூட்டுவதாகவும் 2009-ல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வெளியானது. மதுரை காமராஜர் பல்கலைக்கழகம், ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. போன்ற நிறுவனங்களின் ஆய்வாளர்கள் அதில் பங்கெடுத்தார்கள். ஐரோப்பியர்களை மட்டும் ஆராய்ந்துகொண்டிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

இன்னும் பழைய கதை நீலகிரியில் இருக்கிறது. இந்தியாவில் அரிவாள் செல் மரபணு இருக்கிறது என்று முதன்முதலில் உலகுக்குத் தெரிந்ததே நீலகிரிப் பழங்குடியினரிடம் எடுத்த ரத்த மாதிரிகளிலிருந்துதான், 1952-ல். அந்த நோயை ஒழிக்கும் தேசிய இயக்கம் தொடங்கியது 2023 ஜூலையில். நடுவில் எழுபது வருடம். (இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.) கண்டுபிடிப்பதற்கும், கண்டுபிடித்ததைக் குடும்பங்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும் வேறு வேறு ஆட்கள் வேண்டும். இரண்டாவது வகை ஆட்கள் நம்மிடம் ரொம்பக் குறைவாக இருந்தார்கள்.

வேலூரில் ஐந்து பேர்

ஆராய்ச்சியும் சிகிச்சையும் பயிற்சியும் ஒரே வளாகத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேலூர் சி.எம்.சி. சரியான உதாரணம். 1986-லேயே அங்கே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கிவிட்டது. தலசீமியா குழந்தைகளுக்கு அது பெரிய வாசல். ரத்தம் உருவாகும் ஸ்டெம் செல்களை வெளியே எடுப்பது, பாதுகாப்பது, திருப்பிச் செலுத்துவது எல்லாம் அங்குள்ளவர்களுக்கு அப்படிக் கைவந்தது.

அந்த அனுபவத்தின் மேல்தான் ஹீமோஃபீலியா ஏ நோய்க்கான ஜீன் சிகிச்சை கட்டப்பட்டது. இந்த நோயில் ரத்தம் உறைவதற்கான எட்டாம் காரணி, அதாவது ஃபேக்டர் 8 உருவாகாது. சின்ன அடி பட்டாலும், சில நேரம் அடியே படாமலும் மூட்டுக்குள் ரத்தம் கசியும். முழங்கால் வீங்கிப் பள்ளிக்கூடம் போக முடியாமல் கிடக்கும் பிள்ளைகளின் பெற்றோரைக் கேட்டால் தெரியும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்த ஃபேக்டர் ஊசி இலவசமாகத் தரப்படுகிறது. ஆனால் ஊசி போட்ட மருந்து சில நாளில் கரைந்துவிடும். மறுபடி போட வேண்டும், வாழ்நாள் முழுக்க.

வேலூர் குழு என்ன செய்தது? நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களை எடுத்து, நோய் தராதபடி மாற்றியமைத்த ஒரு வைரஸை வண்டியாகப் பயன்படுத்தி, சரியான ஃபேக்டர் 8 ஜீனை அவற்றுக்குள் வைத்து, உடம்புக்குள் திருப்பி அனுப்பியது. அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடந்த வேலை இது. ஐந்து பேருக்குச் செய்தார்கள். ஐந்து பேருக்கும் அதன் பிறகான கண்காணிப்புக் காலத்தில் ரத்தக்கசிவே வரவில்லை என்ற முடிவு 2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது.

உடனே "வேலூர் போனா ஊசி போட்டுச் சரியாக்கிடுவாங்களாம்" என்று வாட்ஸ்அப்பில் பரப்பிவிடாதீர்கள், ப்ளீஸ். இது முதல் கட்டப் பரிசோதனை. ஐந்து பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. செல்களைத் திருப்பிச் செலுத்துவதற்கு முன் கீமோதெரபி மருந்து கொடுக்க வேண்டும், அதன் பக்க விளைவுகள் உண்டு. இன்னும் அதிகம் பேரிடம் செய்து பார்த்து, பல வருடம் கவனித்த பிறகுதான் வழக்கமான சிகிச்சையாக வரும். ஆனாலும் பரம்பரை நோய் என்றால் கைகட்டி நிற்பதுதான் என்றிருந்த நிலையிலிருந்து நாம் நகர்ந்திருக்கிறோம். அதற்குப் பின்னால் ஸ்டெம் செல் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் உட்கார்ந்த ஆராய்ச்சி மாணவர்கள் இருக்கிறார்கள்.

பதினொன்றரை வருடப் படிப்பு

அந்த பி.டி.எஃப்.பை நம் குடும்பத்துக்கு விளக்கப்போகும் மரபியல் மருத்துவர் எவ்வளவு படித்திருப்பார்? எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலம் சேர்த்து ஐந்தரை வருடம். அதற்கு மேல் குழந்தைகள் நலம், பொது மருத்துவம், மகப்பேறு போன்ற ஒரு துறையில் மூன்று வருட மேற்படிப்பு. அதற்கும் மேல் டி.எம். மெடிக்கல் ஜெனடிக்ஸ், மூன்று வருடம். நுழைவுக்கு நீட் சூப்பர் ஸ்பெஷாலிட்டி தேர்வு எழுத வேண்டும். கூட்டிப் பாருங்கள், குறைந்தது பதினொன்றரை வருடம். நாடு முழுவதிலும் சில நிறுவனங்களில் மட்டுமே இந்தப் படிப்பு இருக்கிறது, இடங்களும் சொற்பம். தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி.யில் உண்டு.

அந்தக் கடைசி மூன்று வருடத்தில் கற்றுக்கொள்வது பாதி அறிவியல், பாதி பேச்சு. குழந்தையின் காது எங்கே தொடங்குகிறது, கண்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, உள்ளங்கையில் ரேகை எப்படி ஓடுகிறது என்று உற்றுப் பார்த்து ஒரு நோயை யூகிக்கப் பழக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து குரோமோசோம் பார்க்க வேண்டும். ஒரு ஆய்வேடும் எழுத வேண்டும். இதற்கெல்லாம் மேலாக, "உங்க குழந்தைக்கு இதை முழுசா குணப்படுத்துற மருந்து இன்னிக்கு இல்ல" என்ற வாக்கியத்தை எப்படிச் சொல்வது, சொன்ன பிறகு எவ்வளவு நேரம் சும்மா இருப்பது என்பதையும் மூத்தவர்கள் சொல்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தே கற்க வேண்டும்.

டாக்டர் ஆகாமலும் இந்தத் துறைக்குள் வர முடியும். பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடுகள் இதைக் கவனியுங்கள். உயிரியல் சார்ந்த இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு எம்.எஸ்ஸி. ஹியூமன் ஜெனடிக்ஸ் மாதிரியான இரண்டு வருடப் படிப்புகள் இருக்கின்றன. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் இதற்குத் தனித் துறையே உண்டு. தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். அடிப்படை மருத்துவ அறிவியல் வளாகத்திலும் மரபியல் துறை இருக்கிறது. எம்.எஸ்ஸி. முடித்தவர்கள் லேபில் ஜீன் மாற்றங்களை அலசும் வேலைக்குப் போகலாம், ஆலோசகர் பயிற்சி பெறலாம், ஆராய்ச்சிக்கும் போகலாம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் போன்ற தேர்வில் ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப் வாங்கினால் பிஎச்.டி.யின் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். அந்தத் தொகை 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்டது. பெரிய ஐ.டி. சம்பளம் இல்லைதான். ஆனால் படிக்கும்போதே வீட்டுக்குப் பாரமில்லாமல் இருக்கலாம்.

எச்சில் துப்பி அனுப்பும் டெஸ்ட்

போனில் விளம்பரம் பார்த்திருப்பீங்க. ஒரு கிட் வீட்டுக்கு வரும், எச்சில் துப்பி அனுப்பினால் உங்கள் பூர்வீகம், எந்த டயட் ஒத்துவரும், எந்த நோய் வரும் என்று ஆப்பில் கலர் கலராக வரும். ஆசைக்குச் செய்வது உங்கள் விருப்பம். ஆனால் இவற்றில் பல டெஸ்ட்கள் ஜீன் முழுவதையும் படிப்பதில்லை, தேர்ந்தெடுத்த சில இடங்களை மட்டும் பார்க்கின்றன. வீட்டில் ஏற்கெனவே ஒரு நோய் இருக்கிறது என்றால் அதற்கு இது விடை இல்லை. "ஆப்ல எல்லாம் பச்சையா வந்துச்சு" என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. சிவப்பாக வந்ததற்காகச் சொந்தமாக மருந்து மாத்திரை நிறுத்தவும் கூடாது.

நம் குடும்பம் இப்போது என்ன செய்ய வேண்டும்?

முதலில், காலம். அம்மாவுக்கு இரண்டு மாதம். கருவில் பரிசோதனை செய்வதாக இருந்தால் நஞ்சுத் திசுவை எடுக்கும் முறைக்கு 11 முதல் 13 வாரம், பனிக்குட நீர் எடுக்கும் முறைக்கு 16 வாரம் அளவில். அதற்கு முன்பே அம்மாவின் ரிசல்ட் கையில் இருக்க வேண்டும். அதனால் "வளைகாப்பு முடியட்டும்" என்று தள்ளிப்போட முடியாத விஷயம் இது. இந்த வாரமே போக வேண்டும். அடுத்த குழந்தை பற்றி நினைக்கும்போதே, கர்ப்பத்துக்கு முன்னாலேயே போவது இதைவிட நல்லது.

இந்தப் பரிசோதனைகளைச் சட்டப்படி பதிவு பெற்ற மையங்களில் மட்டுமே செய்யலாம். பதிவுச் சான்றிதழை எல்லோரும் பார்க்கும்படி மாட்டியிருக்க வேண்டும். போனவுடன் சுவரைப் பாருங்கள். நோய் இருக்கிறதா என்று சொல்வார்கள். ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முடிவு என்னவாக வந்தாலும் அதற்குப் பிறகு என்ன செய்வது என்பது பெற்றோரின் தீர்மானம். ஆலோசகர் விவரம் சொல்வாரே தவிர, இப்படிச் செய் என்று கட்டாயப்படுத்த மாட்டார். கர்ப்பத்தைத் தொடர வேண்டாம் என்ற முடிவுக்கு வருபவர்களுக்கும் சட்டத்தில் வார வரம்பு இருப்பதால் காலம் அங்கேயும் முக்கியம்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் நலப் பிரிவிலிருந்தோ, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திலிருந்தோ பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கானது. எந்தச் சிகிச்சைக்குப் பொருந்தும் என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலோ மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரிலோ முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சில அரிய நோய்களுக்கு, தேசிய அரிய நோய்கள் கொள்கையின்கீழ் மத்திய அரசு அங்கீகரித்த சிறப்பு மையங்களில் 50 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உதவி உண்டு. எந்த நோய்க்கு உண்டு என்பதை மரபியல் மருத்துவரே சொல்வார்.

தசைச்சிதைவு, ஹீமோஃபீலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் நான்குமே 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளுக்குள் வருகின்றன. இது நிறையப் பேருக்குத் தெரியவில்லை. வெளியில் பார்த்தால் 'நல்லாத்தானே இருக்கான்' என்று தோன்றும் குழந்தைக்கும் தனித்துவ அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். தசைச்சிதைவால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மருத்துவக் கல்லூரியில் ரத்தம் எடுக்கும்போது இரண்டு படிவம் நீட்டப்படலாம். ஒன்று உங்கள் குழந்தையின் பரிசோதனைக்கு. இன்னொன்று மீதமுள்ள மாதிரியை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்ள. இரண்டும் வேறு வேறு. இரண்டாவதில் கையெழுத்துப் போடாவிட்டால் சிகிச்சை குறையக் கூடாது. போட்ட பிறகும் விலகிக்கொள்ள உரிமை உண்டு. தமிழில் விளக்கத் தாள் கேளுங்கள், புரியும்வரை கேள்வி கேளுங்கள். என் சொந்தக் கருத்து: புரிந்து சம்மதித்தால் கொடுப்பது நல்லது. இன்னொரு வீட்டு ரிப்போர்ட்டில் 'தெளிவில்லாதது' என்று வருவது அப்படித்தான் குறையும்.

கிளம்பும்போது எடுத்துப் போக வேண்டியவற்றில் பாதி உங்கள் போனிலேயே இருக்கிறது. பையன் தரையிலிருந்து எழுவதை, படி ஏறுவதை வீடியோ எடுத்து வையுங்கள். முதல் பிறந்தநாள் வீடியோ இருந்தால் அதையும். டாக்டர் முன்னால் பிள்ளை அழுதுகொண்டு எதுவும் செய்யாமல் இருக்கலாம், அப்போது அது உதவும். ஜீன் ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் பிரிண்ட் எடுங்கள், முதல் பக்கம் மட்டும் போதாது. முதல் நாள் ராத்திரி பாட்டியை உட்கார வைத்து அம்மா வழி உறவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். யாரும் பேசாமல் விட்ட ஒரு பெரியம்மா மகன், சின்ன வயதிலேயே 'கால் விளங்காமல்' இறந்த ஒரு மாமா, அந்தப் பேச்சில்தான் வெளியே வருவார்கள்.

தை மாதம் கல்யாணமாகப் போகும் சித்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அக்கா கேரியர் என்றால் அவரும் கேரியராக இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுப் பையனிடம் என்ன மாற்றம் என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதால், சித்திக்கு அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். கொஞ்சம் ரத்தம்தான் எடுப்பார்கள். ரிசல்ட்டை யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பது சித்தியின் முடிவு. அதையும் ஆலோசகரிடம் தனியாக உட்கார்ந்து அவரே பேசிக்கொள்ளலாம், கதவைச் சாத்திக்கொண்டு.